துக்க வீட்டுக்கு மாத்திரை கொண்டு போகுமுன்: ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்ட ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும், கிராமச் சுகாதாரச் செவிலியர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

ஒரே வீட்டில் இரண்டு தவறும் நடக்கிறது. கணவர் இறந்த ஐந்தாம் நாள், "தூங்கவே மாட்டேங்குறாங்க" என்று உறவினர் வந்து சொன்னதும் ஓ.பி. சீட்டில் அல்பிரசோலம் என்ற அமைதிப்படுத்தும் மாத்திரை எழுதப்படுகிறது. அதே அம்மா எட்டு மாதம் கழித்து எலும்பும் தோலுமாக வந்து, "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்" என்கிறார். அப்போது "புருஷன் போன துக்கம், போகப் போகச் சரியாயிடும்" என்று சத்து மாத்திரையோடு திருப்பி அனுப்புகிறோம். மாத்திரை வேண்டாத நாளில் மாத்திரை, வேண்டிய நாளில் ஆறுதல்.

நாங்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள். உங்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை நாள் வரைக்கும் துக்கம், அதுக்கு மேல நோய்?" நாள் கணக்கை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. துக்கம் நகர்கிறதா, ஒரே இடத்தில் நின்றுவிட்டதா என்றுதான் பார்க்க வேண்டும்.

நாள் கணக்கில் மருத்துவக் கையேடுகளே தடுமாறியிருக்கின்றன. மனநோய்களை வகைப்படுத்தும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேடு 1980-லிருந்து, இழப்பை ஒட்டி வரும் சோகத்தை மனச்சோர்வு நோயில் சேர்க்காமல் விலக்கி வைத்தது. 1994 பதிப்பு அந்த விலக்கை இரண்டு மாதத்தோடு நிறுத்தியது. 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பு விலக்கையே எடுத்துவிட்டது. அழுகையை நோயாக்குகிறார்கள் என்று ஒரு பக்கம் சண்டை. வேலை போய் வரும் மனச்சோர்வை நோய் என்று ஒப்புக்கொள்ளும்போது, சாவுக்குப் பின் வருவதை மட்டும் ஏன் பார்க்காமல் விடுவது என்று மறுபக்கம். பிறகு 'நீடித்த துக்கக் கோளாறு' தனியாகவே சேர்ந்தது. அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11 குறைந்தது 6 மாதம் என்கிறது. 2022-ல் திருத்திய டி.எஸ்.எம். பெரியவர்களுக்கு 12 மாதம், பிள்ளைகளுக்கு 6 மாதம் என்கிறது. ஆக, எந்த வருஷம் படித்தோம் என்பதைப் பொறுத்து ஒவ்வொருவர் தலையிலும் ஒவ்வொரு எண் உட்கார்ந்திருக்கிறது.

ஐ.சி.டி-11-ல் பலரும் தாண்டிப் போய்விடும் ஒரு நிபந்தனை உண்டு. அவரவர் சமூகம், பண்பாடு, சமயம் எதிர்பார்க்கும் அளவைத் தெளிவாக மிஞ்சியிருந்தால்தான் அது கோளாறு. இங்கே நம் ஊர் கணக்குத் தெரிந்த நீங்கள் கையேட்டை விடக் கெட்டிக்காரர்கள். பதினாறாம் நாள் காரியம், வருஷத் திதி, அதுவரை பண்டிகை இல்லாத வீடு, ஆடி அமாவாசைக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தர்ப்பணம், பரங்கிப்பேட்டையில் கணவனை இழந்தவர் இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தா, நவம்பர் 2 கல்லறைத் திருநாள். இரண்டாம் மாதத்தில் வாசல்படி தாண்டாத ஒரு பெண்ணை "வெளியே போகும் ஆர்வம் இல்லை" என்று சீட்டில் எழுதினால், வழக்கத்தை நோயாக எழுதிவிட்டோம். அவருக்குப் போக மனமில்லையா, போனால் ஊர் பேசும் என்று நிற்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இயல்பான துக்கம் அலை அலையாக வரும். குழம்பு தாளிக்கும்போது வரும், பேங்க் பாஸ்புக்கில் அவர் பெயரைப் பார்க்கும்போது வரும், அடித்துப் போட்டுவிட்டு ஓயும். ஓய்ந்த நேரத்தில் பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டுவார், பக்கத்து வீட்டுக்காரி சொன்னதற்குச் சிரிக்கவும் சிரிப்பார். சிரித்ததற்காக உடனே தன்னையே நொந்தும் கொள்வார். 1999-ல் ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இரண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் இந்த ஊசலாட்டத்தைத்தான் இயல்பான துக்கத்தின் அடையாளமாகச் சொன்னார்கள். காலையில் போட்டோவுக்கு முன் உட்கார்ந்து அழுதவர், பதினோரு மணிக்கு வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்பார். இரண்டும் நடக்கிறவரை பயமில்லை. (பயிற்சி வகுப்புகளில் இன்னும் சொல்லித்தரும், மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற 'ஐந்து கட்டங்கள்' எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-ல் எழுதியது. அது சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளைப் பற்றியது, இருப்பவர்களின் துக்கத்தைப் பற்றியது அல்ல. அந்த வரிசையில் ஒருவர் அழவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.)

இறந்தவர் கூப்பிட்டது காதில் விழுந்தது, கட்டிலில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது என்றால் மனச்சிதைவு மாத்திரைக்குக் கை போகவேண்டாம். 1971-ல் வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த 293 பேரிடம் ஒரு மருத்துவர் கேட்டபோது, ஏறத்தாழ பாதிப் பேர் அப்படி உணர்ந்ததாகச் சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் அதற்குமுன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நம் ஊரில் அதைத் திண்ணையிலேயே சொல்லிவிடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் குரல் இறந்தவருடையதாக இருந்து, ஆறுதலாகவும் இருந்து, அவர் இறந்தது நிஜம் என்றும் தெரிந்திருந்தால் விட்டுவிடலாம். முன்பின் தெரியாத குரல், திட்டும் குரல், "வா, வந்துடு" என்று ஏவும் குரல் என்றால் அன்றைக்கே மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். அதேபோல, போன மகனுடைய சிம்முக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்வதும் அந்த ஒன்றை மட்டும் வைத்து நோயாகாது.

அடுத்து பி.எச்.க்யூ-9 என்ற மனச்சோர்வு வினாத்தாள். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பத்தைத் தொட்டால் மனச்சோர்வுக்குச் சோதிக்கச் சொல்கிறோம். இழவு வீட்டில் இந்தக் கணக்கு எப்படி ஏமாற்றும் என்று பாருங்கள். தூக்கம், அசதி, பசி, கவனம் ஆகிய நான்கு கேள்விக்கு மட்டும் 'ஏறக்குறைய தினமும்' என்று பதில் வந்தால் அங்கேயே 12. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், தரையில் படுக்கை, நேரத்துக்குச் சமையல் இல்லை, இரவெல்லாம் ஆள் நடமாட்டம் என்று இருக்கும் வீட்டில் யாருக்குத்தான் 12 வராது? அதனால் முதல் சில வாரங்களில் கூட்டுத்தொகையைப் பார்க்காதீர்கள். 'நான் ஒன்றுக்கும் உதவாதவள்' என்ற ஆறாம் கேள்வியையும், சாக வேண்டும் என்ற ஒன்பதாம் கேள்வியையும் தனியாகப் பாருங்கள். ஒன்பதாவதற்குப் பூஜ்யம் தவிர எது வந்தாலும் "துக்கத்தில் சொல்கிறார்" என்று தள்ளக் கூடாது.

மனச்சோர்வு துக்கத்தின் மேல் வந்து உட்காரும்போது பேச்சு மாறும். துக்கத்தில் இருப்பவர், "அன்னிக்கே ஜிப்மருக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பாரு" என்பார். குற்ற உணர்வுதான், ஆனால் ஒரு நாளைப் பற்றியது, ஒரு செயலைப் பற்றியது. மனச்சோர்வில் அது பரவிவிடும்: "நானே தரித்திரம், என்னாலதான் எல்லாம் கெட்டுது, என் பிள்ளைங்களுக்கும் நான் பாரம்." துக்கத்தில் வெறுமை, மனச்சோர்வில் தன் மேலேயே வெறுப்பு. அலை ஓயும் இடைவெளியும் இருக்காது. காலையில் எழும்போதே கனம், பேரன் வந்து மடியில் ஏறினாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. நடையும் பேச்சும் மெதுவாகிவிடும், கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரமாகும். உலக சுகாதார நிறுவனத்தின் களக் கையேடு இழப்பு நடந்து 6 மாதத்துக்குள் இருப்பவரை எளிதில் மனச்சோர்வில் சேர்க்கச் சொல்வதில்லை. ஆனால் இந்த மந்தம், தன்னையே பயனற்றவராக நினைப்பது, தற்கொலை எண்ணம், மாயக்குரல், முன்பே மனச்சோர்வு வந்த வரலாறு இவற்றில் ஒன்று இருந்தால் காத்திருக்கச் சொல்வதும் இல்லை. அப்போது மூன்றாம் வாரமாக இருந்தாலும் அது சிகிச்சைக்கு உரியதுதான்.

ஒரு சொல் குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பத்திரிகைகள் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை நெருக்கடிக்கும் மனச்சோர்வு நோய்க்கும் சேர்த்துப் புழங்குகின்றன. பரிந்துரைச் சீட்டில் 'மன அழுத்தம்' என்று மட்டும் எழுதி அனுப்பினால் எங்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. பார்த்ததை எழுதுங்கள்: 'மகன் இறந்து 4 மாதம், 9 கிலோ இளைப்பு, இரவு 3 மணிக்கு விழிப்பு, தன்னை வெறுக்கிறார்.'

சாவைப் பற்றிக் கேட்பதில்தான் கை நடுங்குகிறது. கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்ற பயம் தவறு. கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை, சொல்ல ஒரு ஆள் கிடைத்தது என்றுதான் ஆகிறது. ஒப்பாரியிலேயே "என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதா" என்ற வரி வரும் ஊர் இது. அந்த வரியோடு நின்றால் அது துக்கம். அதனால் அடுத்த கேள்வியை விடக் கூடாது: "அப்படித் தோணும்போது, எப்படி, எப்போன்னு யோசிச்சிருக்கீங்களா?" ஆம் என்றால், "வீட்டுல பூச்சி மருந்து இருக்கா?" வெறுமனே "மருந்து இருக்கா" என்று கேட்டுவிடாதீர்கள். நம் பக்கம் மருந்து என்றால் சர்க்கரை மாத்திரையும் அதுதான், முந்திரிக்கு அடிப்பதும் அதுதான். இருந்தால் அன்றைக்கே அண்ணன் தம்பி யாரிடமாவது கொடுத்து வீட்டை விட்டு வெளியே கொண்டு போகச் சொல்லுங்கள், ஆளைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். ஏற்கெனவே முயன்று பிழைத்தவர் என்றால், வழக்கு வருமோ என்ற அச்சத்தில் குடும்பம் மறைக்கும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகவே கருதி, தண்டனைக்கு உட்படுத்தக் கூடாது என்று சொல்வதைக் குடும்பத்திடம் சொல்லுங்கள்.

நீடித்த துக்கக் கோளாறு இதிலிருந்து வேறு. அங்கே மையம் சோர்வு அல்ல, ஏக்கம். மனம் இறந்தவரையே தேடிக்கொண்டிருக்கும், நாளில் பெரும்பகுதி அவர் நினைவாகவே போகும். டி.எஸ்.எம். கணக்கில் இதோடு எட்டு அறிகுறிகளில் குறைந்தது மூன்று கடந்த ஒரு மாதமாக ஏறக்குறைய தினமும் இருக்க வேண்டும். தன்னில் ஒரு பாதி செத்துவிட்டது போன்ற உணர்வு, இறந்ததையே நம்ப முடியாமை, நினைவூட்டும் இடங்களைத் தவிர்ப்பது, ஆறாத வலி அல்லது கோபம், பழைய வாழ்க்கைக்குத் திரும்ப முடியாமை, மரத்துப்போதல், வாழ்வதற்கு அர்த்தமில்லாமை, கடும் தனிமை என்பவை அந்த எட்டு. வாய்ச்சொல்லை விட நடவடிக்கை தெளிவாகக் காட்டும். மகனைக் கடலில் பறிகொடுத்த தாய் இரண்டு வருஷமாகக் கடற்கரைப் பக்கம் திரும்பாமல், மீன் விற்கும் வேலையையும் விட்டு, சுற்று வழியில் பஸ் ஏறுகிறார் என்றால் அதைக் கவனியுங்கள். மாறாக, சுனாமி வந்த டிசம்பர் 26 அன்று மட்டும் உடைந்து போய், 27-ஆம் தேதி கூடையைத் தூக்குகிறவருக்குத் தேதி வலிக்கிறது, வேறொன்றும் இல்லை. இயற்கையாக நேர்ந்த மரணத்துக்குப் பின் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்தக் கோளாறு வருகிறது என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. விபத்து, தற்கொலை, பிள்ளையின் சாவு என்றால் அதைவிடக் கூடுதல். தற்கொலை நடந்த வீட்டுக்குத்தான் ஊர் போகாது. நீங்கள் முதலில் போக வேண்டிய வீடும் அதுதான்.

உடல் கிடைக்காத வீடு இன்னொரு வகை. கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, சடங்கு செய்தால் தானே கொன்றது போல் ஆகுமோ என்ற தவிப்பு. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். பொதுச் சட்டப்படி ஏழு ஆண்டு தகவல் இல்லாமல் போனால்தான் இறந்தவராகக் கொள்ள முடியும் என்பதால் பென்ஷன், சான்றிதழ் எல்லாமே தொங்கலில் நிற்கும். அவர்களிடம் "ஏத்துக்குங்க" என்று சொல்லாதீர்கள். ஏற்றுக்கொள்ள அங்கே ஒன்றுமே உறுதியாக இல்லை.

துக்கம் என்ற பெயரில் வேறு நோய் ஒளிந்து போவதையும் சொல்ல வேண்டும். இதில்தான் உயிர் போகிறது. காரிய வீட்டில் சாப்பிடாமல் கிடக்கும் அம்மாவுக்கு யாரோ மறக்காமல் காலை கிளிமிபிரைடு சர்க்கரை மாத்திரையை மட்டும் கொடுத்துவிடுகிறார்கள். பதினோரு மணிக்கு வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறி, மயக்கம். "துக்கம் தாங்காம விழுந்துட்டா" என்று முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள். குளுக்கோமீட்டரில் 45 இருக்கும். கையிலிருக்கும் கருவியால் முதலில் ஒரு சொட்டு ரத்தம் பாருங்கள். நினைவு இருந்து விழுங்க முடிந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். நெஞ்சடைப்பும் அப்படித்தான்: நெருங்கியவர் இறந்த முதல் சில நாட்களில் மாரடைப்பு ஆபத்து உண்மையிலேயே பல மடங்கு கூடுகிறது, ஈ.சி.ஜி. எடுக்காமல் "மன வேதனை" என்று எழுதக் கூடாது. மனைவி போனதிலிருந்து பெரியவருக்கு மறதி என்றால், மறதி அன்றுதான் வந்ததா, இத்தனை நாள் அந்த அம்மா மூடி மறைத்துச் சமாளித்தாரா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். தினமும் குடித்தவர் சாவு வீட்டில் இரண்டு நாள் குடிக்காமல் இருந்து, மூன்றாம் நாள் கை நடுங்கி, இல்லாத ஆட்களோடு பேசினால் அது துக்கமும் இல்லை, பேயும் இல்லை. குடி நின்றதால் வரும் ஜன்னி அது, உடனே பெரிய ஆஸ்பத்திரி.

விபத்தைக் கண்ணால் பார்த்தவர் கதை தனி. துக்கத்தில் மனம் இறந்தவரை நோக்கி ஓடும். அதிர்ச்சிக் கோளாறில் அந்தக் காட்சியை விட்டு ஓடும், அது துரத்திக்கொண்டு வரும். ஒரு மாதத்துக்கு மேல் கனவும் திடுக்கிடலும் நிற்கவில்லை என்றால் அனுப்புங்கள்.

பிள்ளைகள் கொஞ்ச நேரம் அழுது, கொஞ்ச நேரம் விளையாடி, திடீரென்று "அப்பா எப்போ வருவாரு" என்பார்கள். "அதுக்கு ஒண்ணும் தெரியல" என்று விட வேண்டாம். படுக்கையில் சிறுநீர் போவது சில வாரம் இருக்கலாம். "அப்பா தூங்குறாரு" என்று மட்டும் சொல்ல விடாதீர்கள், அந்தப் பிள்ளை அப்புறம் தூங்கப் பயப்படும். "செத்துட்டாரு, இனி வர மாட்டாரு, உன்னால இல்ல" என்ற மூன்றையும் சொல்ல வேண்டும்.

இனி மருந்துப் பெட்டி. நோய் என்று சொல்ல முடியாத துக்கத்துக்கு அல்பிரசோலம், டயஸிபாம் வகை கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லிவிட்டது. துக்கத்தை அது குறைப்பதில்லை. வயதானவர் இரவில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்கிறார், காரியம் நடந்ததே மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கிறது, சில வாரத்தில் பழகியும் போகிறது. ஏற்கெனவே மாதக்கணக்கில் போடுபவருக்கு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நாலில் ஒரு பங்குக்கு மிகாமல் குறைத்து வாருங்கள். தூக்கத்துக்கு மதியத்துக்கு மேல் டீ வேண்டாம், பகல் படுக்கை வேண்டாம், இரவில் துணைக்கு ஒரு ஆள் வேண்டும்.

மனச்சோர்வு உறுதியானால் தயங்காதீர்கள்: எஸ்சிடாலோபிராம் 5 மில்லிகிராமில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் 10. பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும் என்று முதல் நாளே சொல்லாவிட்டால் பத்தாம் நாள் நிறுத்திவிடுவார்கள். ஒரு வாரத்தில் திரும்ப வரவழைத்து ஒன்பதாம் கேள்வியை மறுபடி கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தயாசைடு மாத்திரை போடும் முதியவர் என்றால் ரத்தத்தில் சோடியம் உப்பு இறங்கலாம், தள்ளாட்டமும் குழப்பமும் வந்தால் ரத்தம் பாருங்கள். மனச்சோர்வுக்கான பழைய மருந்து அமிட்ரிப்டிலின் கையில் இருக்கிறது என்பதற்காக ஒரு மாத ஸ்டாக் கொடுத்தனுப்ப வேண்டாம். அதிகமாக விழுங்கினால் இதயத்தை நிறுத்தும் மருந்து அது. தற்கொலை எண்ணம் இருந்தால் எந்த மாத்திரையும் ஒரு வாரத்துக்கு மேல் இல்லை, அதுவும் பொறுப்பான ஒருவர் கையில். நன்றாக ஆன பிறகும் 9 முதல் 12 மாதம் தொடர வேண்டும். நீடித்த துக்கக் கோளாறுக்கு மாத்திரை மட்டும் உதவாது. காதரின் ஷியர் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில், துக்கத்துக்கென்றே உள்ள 16 அமர்வுப் பேச்சு சிகிச்சைதான் பலன் தந்தது. கூடச் சேர்த்த சிட்டலோபிராம் மாத்திரை உடனிருந்த மனச்சோர்வை மட்டுமே குறைத்தது. அப்படிப்பட்டவரைக் கடலூர் தலைமை மருத்துவமனை, சிதம்பரம் மருத்துவக் கல்லூரி, ஜிப்மர் எது கிட்டவோ அங்கே அனுப்புங்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ போகிறவரைத் தடுக்க வேண்டாம், மாத்திரையை நிறுத்தாமல் போகச் சொன்னால் போதும்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. சர்க்கரை, பிரஷர் நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அதில், சாவு நடந்த வீட்டில் தேதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள்: இறந்தவர் யார், எப்படி, எந்த நாள். ஆறு வாரம், ஆறு மாதம், வருஷத் திதிக்கு அடுத்த மாதம் என்று மூன்று முறை, வழக்கமாகப் போகும் அதே நடையில், ஐந்து நிமிடம் கூடுதலாக உட்காருங்கள். "அவரைப் பத்திப் பேசும்போது எப்பவாவது சிரிப்பு வந்துச்சா? விட்ட வேலை எதையாவது திரும்ப ஆரம்பிச்சீங்களா?" என்று கேளுங்கள். பிறகு மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். போன முறை சர்க்கரைக்குக் கொடுத்த மெட்பார்மின் அட்டை ஒரு மாத்திரைகூடப் பிரியாமல் அப்படியே இருந்தால், மறந்தாரா, வேண்டாம் என்று விட்டாரா என்று கேட்டுவிட்டு, அந்தப் பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே சிவப்புத் தேதிக்குக் கீழே எழுதி வையுங்கள். மாதக் கூட்டத்துக்கு அந்தப் பக்கங்களைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரி மனநலப் பணியாளர்கள் சிலர்